அடுப்பின் சூடு வேறு, போர்டின் சூடு வேறு: வீட்டிலேயே ஒரு ரீஃப்ளோ ஓவன்

சால்டரிங் அயர்னோடு வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கும் ஒரு கட்டத்தில் கை நின்றுவிடும். என் விஷயத்தில் அது ஒரு பவர் சப்ளை ஐசி, அதாவது மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிப். கியூஎஃப்என் வகை, நாலு மில்லிமீட்டருக்கு நாலு மில்லிமீட்டர். கால் என்று ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, ஓரத்தில் மெல்லிய உலோகக் கோடுகள் மட்டும் தெரியும், வயிற்றுக்கு அடியில் சதுரமாகப் பெரிய பேட், அதாவது சால்டர் பிடிக்கும் உலோகத் திட்டு, ஒன்று இருக்கும். ஐசியின் சூட்டை சர்க்யூட் போர்டுக்குக் கடத்துவது அந்தப் பேட்தான், கிரவுண்ட் இணைப்பும் அதுதான். அயர்னை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் முனை அங்கே போய்ச் சேராது. ஹாட் ஏர் கன்னில் செய்யலாம், செய்தும் இருக்கிறேன், ஆனால் பக்கத்தில் இருக்கிற, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள 0402 கெப்பாசிட்டர்கள் காற்றில் நகர்ந்துவிடும், ஐந்து போர்டு செய்ய வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

தொழிற்சாலையில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பேட்களின் மேல் சால்டர் பேஸ்ட்டைத் தடவி, பாகங்களை அதன் மேல் வைத்து, மொத்தப் போர்டையும் ஒரு நீளமான ஓவனுக்குள் அனுப்பிவிடுகிறார்கள். வெளியே வரும்போது நூற்றுக்கணக்கான இணைப்புகளும் ஒரே நேரத்தில் முடிந்திருக்கும். ரீஃப்ளோ என்பது இதுதான். கேக் சுடுகிற ஓடிஜியை வைத்தே இதை வீட்டில் செய்ய முடியும், உலகம் முழுக்கப் பலர் செய்கிறார்கள். ஓடிஜியை 230 டிகிரியில் வைத்துப் போர்டை உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் போர்டில் ஒரு ஓரம் கருகிப் பழுப்பாகிவிட்டது, மறு ஓரத்தில் பேஸ்ட் உருகவே இல்லை. ஓவனின் முள் காட்டுகிற சூடும் போர்டு உணர்கிற சூடும் ஒன்றில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. போர்டு எந்த விநாடியில் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதைக் கையில் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை வேலை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் பேஸ்ட்டைப் பார்ப்போம், ஏனென்றால் ஓவன் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே பேஸ்ட்தான். பார்க்கச் சாம்பல் நிறப் பற்பசை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உலோக உருண்டைகள். வகை 3 என்று போட்டிருந்தால் 25 முதல் 45 மைக்ரான், வகை 4 என்றால் 20 முதல் 38 மைக்ரான். எடையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் உலோகம், மீதி ஃப்ளக்ஸ் என்கிற பசை, ஆனால் அது லேசானது என்பதால் கன அளவில் பார்த்தால் பாதிக்குப் பாதி. இந்த ஃப்ளக்ஸ் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஈயம் பூசுகிறவரைத்தான் சொல்வேன். பித்தளைப் பாத்திரத்தைக் கரி அடுப்பில் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளைப் புகை கிளம்பியதும் வெள்ளீயத்தைத் தொட்டுவைத்துத் துணியால் ஒரு சுழற்று சுழற்றுவார், உள்பக்கம் முழுக்கப் பளபளவென்று படிந்துவிடும். நவச்சாரம் இல்லாமல் அதே வெள்ளீயம் முத்து முத்தாக உருண்டு ஓடும், ஒட்டாது. சூட்டில் நவச்சாரம் பிரிந்து வெளிவரும் அமிலம் பித்தளையின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைத் தின்றுவிடுகிறது, சுத்தமான உலோகத்தில் வெள்ளீயம் பிடித்துக்கொள்கிறது. பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளக்ஸுக்கும் அதே வேலைதான், போர்டை அரிக்காத மென்மையான அமிலங்களை வைத்துச் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தை வேண்டிய நேரத்தில் தூவிக்கொள்வார், நமக்கு ஃப்ளக்ஸ் முதலிலேயே கலந்திருக்கிறது. அது தன் வேலையை முடித்த பிறகு, ஆனால் தீர்ந்துபோவதற்குள், உலோகம் உருகியாக வேண்டும். சூட்டுக்கு ஒரு கால அட்டவணை தேவைப்படுவதற்கு முதல் காரணம் இது.

அந்த அட்டவணையை புரொஃபைல் என்பார்கள். காரீயம் கலந்த 63/37 பேஸ்ட்டை எடுத்துக்கொள்வோம், 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம். போர்டை முதலில் விநாடிக்கு ஒன்று இரண்டு டிகிரி வேகத்தில் ஏற்ற வேண்டும், மூன்றைத் தாண்டக் கூடாது. வேகமாக ஏற்றினால் செராமிக் கெப்பாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம், பேஸ்ட்டில் இருக்கும் கரைப்பான் கொதித்து உலோகத் துளிகளைச் சுற்றிலும் தெறிக்கவிடும். அப்புறம் 100க்கும் 150க்கும் நடுவில் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் மெதுவாக நகர வேண்டும், இதை நடுநிலை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பாகமும் சின்னப் பாகமும் ஒரே சூட்டுக்கு வந்து சேர்வதற்கும், ஃப்ளக்ஸ் ஆக்சைடைத் தின்று முடிப்பதற்கும் இந்த நேரம். இங்கே அதிகம் தாமதித்தால் ஃப்ளக்ஸ் தீர்ந்துபோய், உலோக உருண்டைகள் ஒன்றோடொன்று கலக்காமல் திராட்சைக் கொத்து மாதிரி அப்படியே நிற்கும். அதன்பின் மறுபடியும் வேகம் கூட்டி 183 டிகிரியைத் தாண்டி, 210 முதல் 220 வரை போய், இறங்க வேண்டும். 183க்கு மேலே மொத்தம் 45 முதல் 90 விநாடி.

ஏன் இவ்வளவு கறாராக விநாடிக் கணக்கு? உருகிய வெள்ளீயம் செம்பு பேட்டைத் தொட்டதும் இரண்டும் கலந்து நடுவில் ஒரு மெல்லிய சேர்மப் படலம் உண்டாகிறது, ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் கனம் இருக்கும். இணைப்பைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஆனால் அந்தச் சேர்மம் இயல்பிலேயே நொறுங்கக்கூடியது. நேரம் குறைந்தால் படலம் சரியாக உண்டாகாது, நேரம் கூடினால் தடித்துப்போய் போர்டு கீழே விழும்போது அங்கேதான் உடையும்.

உருகும் தருணத்தை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். ஓவன் கண்ணாடிக் கதவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். 150லிருந்து 180 வரை பேஸ்ட் லேசாகத் தளர்ந்து, மங்கலான சாம்பலாகத்தான் இருக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி தோன்றும். பிறகு போர்டின் ஒரு மூலையில் ஒரு பேட் சட்டென்று கண்ணாடியாக மின்னும், அடுத்து அதன் பக்கத்தில், பிறகு பத்துப் பதினைந்து விநாடிக்குள் அந்த மினுமினுப்பு போர்டு முழுக்கப் பரவிவிடும். கோணலாக வைத்திருந்த ரெசிஸ்டர் ஒன்று தானாகவே திரும்பி நேராகும். உருகிய உலோகத்தின் மேற்பரப்பு இழுவிசை அதைப் பேட்களின் நடுவே இழுத்து உட்காரவைக்கிறது. கியூஎஃப்என் ஐசி லேசாக மிதந்து, அசைந்து, ஒரு சின்ன இறக்கத்தோடு தன் இடத்தில் அமரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அதே இழுவிசை கெடுக்கவும் செய்யும். ஒரு கெப்பாசிட்டரின் ஒரு முனைக்கு அடியில் பேஸ்ட் முதலில் உருகி, மறுமுனையில் இன்னும் உருகாமல் இருந்தால், உருகிய பக்கம் பாகத்தைத் தன்னிடம் இழுத்து அதைச் செங்குத்தாக நிற்கவைத்துவிடும். சின்னக் கல்லறைக் கல் மாதிரி நிற்பதால் டூம்ஸ்டோன் என்பார்கள். என் போர்டுகளில் இது அடிக்கடி வந்த இடம், ஒரு பேட் மெல்லிய கோட்டோடும் மற்ற பேட் பெரிய கிரவுண்ட் செம்புப் பரப்போடு நேரடியாகவும் சேர்ந்திருந்த இடம். பெரிய செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் பின்தங்கும். கிரவுண்ட் பேட்டைச் சின்ன நாலு கால்களால் மட்டும் பரப்போடு இணைக்கிற தெர்மல் ரிலீஃப் வைத்து வடிவமைத்ததும் பெரும்பாலும் நின்றுவிட்டது. மீதியை அந்த நடுநிலை நிமிடம் பார்த்துக்கொள்கிறது.

எந்தப் பேஸ்ட் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி 2006 ஜூலை 1 முதல் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதிலிருந்து தொழிற்சாலைகள் பெரும்பாலும் எஸ்ஏசி305க்கு மாறிவிட்டன: 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருக ஆரம்பிக்கும், உச்சம் 240 வரை தேவை. வீட்டு ஓடிஜி அங்கே திணறும். 63/37 சரியாக 183 டிகிரியில் ஒரே அடியில் திடத்திலிருந்து திரவத்துக்குப் போகும், நடுவில் கூழ் நிலை கிடையாது, அதனால் தவறுகளை மன்னிக்கும். மூன்றாவதாக வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த 42/58 பேஸ்ட் இருக்கிறது, 138 டிகிரியிலேயே உருகிவிடும். எல்இடி போர்டுகளுக்கும், வெறும் பரிசோதனைக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்து காரீயமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். இணைப்பு கொஞ்சம் நொறுங்கும் குணமுள்ளது, அதிகச் சூடாகும் பவர் போர்டில் வேண்டாம். இன்னொன்று, பிஸ்மத் இருக்கும் இணைப்பில் காரீயம் கலந்துவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நூறு டிகிரிக்குக் கீழேயே உருகும் ஒரு கலவை உண்டாகிவிடும். பழைய போர்டைப் பழுது பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, ஓவனுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் எல்லாம் புரிந்துவிடும். பத்து சென்டிமீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு போர்டு, வெறும் போர்டாக சுமார் 24 கிராம் இருக்கும். அதை அறைச் சூட்டிலிருந்து 220 டிகிரிக்கு ஏற்ற சுமார் 5,000 ஜூல் போதும். 1,200 வாட் ஓடிஜி அந்த 5,000 ஜூலை நாலைந்து விநாடியில் கொடுத்துவிடும். பிறகு ஏன் நாலு நிமிடம் ஆகிறது? ஏனென்றால் போர்டைச் சுற்றி ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. தகடு, கம்பி வலை, தட்டு எல்லாம் சேர்த்து மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே 190 டிகிரி ஏற அதற்கு ஏறக்குறைய 2,85,000 ஜூல் வேண்டும். 1,200 வாட்டில் அது சுமார் 240 விநாடி, கசிந்து வெளியே போகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காமலே. நாம் சூடாக்குவதில் பெரும்பகுதி ஓவனையே, போர்டு ஓரத்தில் தொற்றிக்கொண்டு வருகிறது.

இந்தக் கணக்கிலிருந்து பல முடிவுகள் தானாக விழும். பெரிய ஓடிஜி வாங்காதீர்கள். 9 அல்லது 16 லிட்டர் போதும், லிட்டருக்கு எவ்வளவு வாட் என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் கனமான பேக்கிங் தட்டை எடுத்துவிட்டு மெல்லிய கம்பி வலையில் போர்டை வையுங்கள். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவே செராமிக் ஃபைபர் போர்வையைத் திணித்தால் ஏறும் வேகம் கண்கூடாகக் கூடும், ஆனால் அந்த இழைத்தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொண்டு, இழை உதிராதபடி அலுமினியத் தாளால் மூடி வைக்க வேண்டும். கதவின் இடுக்குகளையும் கவனியுங்கள், சூடு பெரும்பாலும் அங்கேதான் நழுவுகிறது.

இன்னொரு விஷயம் நம்மூர்க்காரர்களுக்கு முக்கியமானது. ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1,200 வாட் தருகிற ஓவன், சாயங்காலம் தெருவே ஏசி போட்டு வோல்டேஜ் 200க்கு இறங்கினால் 900 வாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். கால்வாசித் திறன் காணாமல் போய்விடும். காலையில் அருமையாக வந்த போர்டு அதே அமைப்பில் இரவு எட்டு மணிக்கு ஏன் பாதி உருகி வந்தது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்துப் பார்த்தபோது 198 காட்டியது. நேரத்தை மட்டும் நம்பி ஓடுகிற எந்தக் கட்டுப்பாடும் இங்கே ஏமாற்றும். ஓவனைக் கட்டுப்படுத்தும் என் புரோகிராமில் அதற்கப்புறம் ஒரு சின்ன விதி சேர்த்தேன்: ஹீட்டர் முழுத் திறனில் ஓடியும் போர்டு அட்டவணைக்குப் பின்தங்கினால் கடிகாரம் நின்று காத்திருக்கும், போர்டு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த விநாடி.

சூடு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஓடிஜி பெரும்பாலும் கதிர்வீச்சால் சூடாக்குகிறது. கறுப்பான ஐசி உடல் கதிரை நன்றாக உறிஞ்சும், பளபளப்பான உலோக மூடி அதைத் திருப்பி அனுப்பும், வெள்ளைக் கனெக்டர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தொழிற்துறையே இந்தப் பாதையில் நடந்து வந்ததுதான். 1970களில் ஒரு திரவத்தைக் கொதிக்கவைத்து அதன் ஆவியில் போர்டை மூழ்கடிக்கும் முறை வந்தது, 1980களில் அகச்சிவப்புக் கதிர் ஓவன்கள் பரவின, நிறத்துக்கு நிறம் சூடு மாறும் தொல்லையால் பிறகு சூடான காற்றை வலுவாகச் சுழற்றும் ஓவன்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆவி முறையில் 230 டிகிரியில் கொதிக்கும் கால்டன் என்ற ஃப்ளோரின் திரவம் பயன்படுகிறது. ஆவியின் சூடு கொதிநிலையைத் தாண்டவே தாண்டாது என்பதால் போர்டு கருகவே கருகாது, அழகான முறை, ஆனால் திரவம் மிக விலை உயர்ந்தது, அளவுக்கு மீறிச் சூடானால் நச்சு வாயு வரும். வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். வாங்கும்போதே உள்ளே மின்விசிறி இருக்கிற கன்வெக்ஷன் ஓடிஜியாகப் பார்த்து வாங்குவதுதான் நடைமுறை. என் ஓவனில் விசிறியை ஓட்டினால் போர்டின் நாலு மூலைக்கும் உள்ள வித்தியாசம் பாதியாகக் குறைந்தது.

ஹீட்டர் கம்பியின் வகையும் பார்க்க வேண்டும். கறுப்பான உலோக உறைக் கம்பிகள் உள்ளே மக்னீசியம் ஆக்சைடு பொடியால் நிரம்பியவை, மெதுவாகச் சூடாகும், அணைத்த பிறகும் அரை நிமிடம் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைக் குவார்ட்ஸ் குழாய் ஹீட்டர் சொன்ன பேச்சைச் சீக்கிரம் கேட்கும். இரண்டில் ஒன்று கிடைக்கும் என்றால் குவார்ட்ஸை எடுங்கள்.

இப்போது தெர்மோகப்பிள், சூட்டை அளக்கும் கம்பி. கே வகை, நுனியில் இரண்டு உலோகக் கம்பிகள் ஒரு சின்ன மணியாகச் சேர்ந்திருக்கும். ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தரும், அதைப் படிக்க மேக்ஸ்6675 அல்லது மேக்ஸ்31855 சிப் போட்ட சின்ன போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கும், இரண்டுமே கால் டிகிரி நுணுக்கத்தில் எண் தரும். சிப்பை ஓவனை ஒட்டி வைக்காதீர்கள், தன் உடல் சூட்டையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது, அது இருக்கும் சூடும் கம்பி சேரும் இடத்தின் சூடும் மாறுபட்டால் எண் பிசகும். நுனி ஓவனின் எர்த் செய்த உலோகத்தில் பட்டாலும் தவறான எண்கள் வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நுனி எங்கே இருக்கிறது என்பது. நான் ஒரே நேரத்தில் இரண்டு தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தேன், ஒன்று வலைக்கு மேல் காற்றில் தொங்கியது, மற்றது பழைய போர்டு ஒன்றின் செம்பில் சால்டர் வைத்து, மேலே சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் அழுத்தி ஒட்டியது. ஏறும்போது காற்று 190 காட்டியபோது போர்டு 152இல் இருந்தது. அப்புறம் அணைத்ததும் காற்று சட்டென்று இறங்கியது, போர்டு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. காற்றை நம்பினால் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறு பக்கமும் ஏமாறுவோம். அன்றிலிருந்து அதே கனத்தில், ஏறக்குறைய அதே செம்புப் பரப்போடு ஒரு கழித்த போர்டை எப்போதும் உண்மையான போர்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், தெர்மோகப்பிள் அதில்தான். கட்டுப்பாடு முழுக்க அந்தத் துணைப் போர்டைப் பார்த்து ஓடுகிறது.

மின்சாரப் பக்கம். ஹீட்டரை அணைத்து ஏற்ற சாலிட் ஸ்டேட் ரிலே என்கிற மின்னணு சுவிட்ச் வேண்டும், சுருக்கமாக எஸ்எஸ்ஆர். 1,200 வாட் என்றால் ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், அதற்கு 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் தாராளம் என்று தோன்றும். ஆனால் அதன் குறுக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுவதால் 6 முதல் 8 வாட் சூடு அதிலேயே உண்டாகும், அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் போடவே கூடாது. சந்தையில் போலிகள் நிறைய, மேலே 25 என்று அச்சடித்து உள்ளே அவ்வளவு தாங்காத சின்ன டிரையாக் சிப் போட்டிருப்பார்கள். கெட்டுப்போனால் எஸ்எஸ்ஆர் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், புரோகிராம் என்ன சொன்னாலும் கேட்காது. அதனால் ஓடிஜியின் பழைய டைமரைப் பிடுங்கி எறியாதீர்கள். என்னுடையதில் ஹீட்டர் லைனில் டைமர் அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதைப் பன்னிரண்டு நிமிடத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் தொடங்குவேன், என்ன ஆனாலும் மணி அடித்ததும் மின்சாரம் போய்விடும். அதோடு உடலில் ஒட்டிய தெர்மல் ஃப்யூஸ் ஒன்று, மூன்று பின் எர்த், வீட்டில் மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சாதாரண பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான், ஓவனுக்குள்ளே சிலிக்கோன் அல்லது கண்ணாடி இழை உறை போட்ட வயர் மட்டும். 230 வோல்ட்டோடு பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் செய்துகொள்வதே நல்லது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூளைக்கு ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் போர்டு போதும், இஎஸ்பி32 இருந்தால் வரைபடத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். மின்சாரத்தின் அலை பூஜ்யத்தைக் கடக்கும்போதுதான் எஸ்எஸ்ஆர் ஆன் ஆகும், நம்முடைய 50 ஹெர்ட்ஸில் பத்து மில்லி விநாடிக்கு ஒரு வாய்ப்பு. ஒரு விநாடியை ஒரு தொகுதியாக வைத்து அதில் எத்தனை பங்கு ஆன் என்று மாற்றினால் நூறு படிகளில் திறனைக் கட்டுப்படுத்தலாம், அது தாராளம். கட்டுப்பாட்டுக்குப் பலரும், பிழையைப் பார்த்துத் திறனைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி முறையின் ஆயத்த நிரலை எடுத்துப் போட்டு அதன் மூன்று எண்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். பிரச்சினை என்னவென்றால், ஏறும் கட்டம் முழுக்க ஹீட்டர் முழுத் திறனில்தான் ஓடும், பிஐடியின் கூட்டிச் சேர்க்கும் பகுதி அந்த நேரத்தில் பிழையைக் குவித்து வைத்துக்கொண்டு உச்சத்தில் அணைக்க மறுக்கும், போர்டு 240க்குப் போய்விடும். நான் இரண்டு விஷயத்தை அளந்து எழுதிக்கொண்டேன்: முழுத் திறனில் போர்டு விநாடிக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது, அணைத்த பிறகு எத்தனை டிகிரி தானாக ஏறுகிறது. என் ஓவனில் இரண்டாவது எண் 16. அதனால் உச்சம் 214 வேண்டும் என்றால் 198இல் அணைத்துவிடுகிறேன். நடுநிலை நிமிடத்துக்கு மட்டும் எளிமையான பிஐடி. இரண்டு எண்ணும் ஓவனுக்கு ஓவன் மாறும், நீங்களே அளந்தால்தான் உண்டு.

ஓவனே வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் ஆரம்ப காலத்தில் மின்சார வாணலியில் போர்டுகளை ரீஃப்ளோ செய்து அதை வெளிப்படையாக எழுதியது, பலர் அதைப் பார்த்துத் தொடங்கினார்கள். கீழிருந்து வரும் சூடு போர்டு வழியாக பேட்டுக்கு நேராகப் போகிறது, மேலே இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் உருகாமல் தப்பிக்கிறது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மின் அடுப்பில் கனமான தோசைக்கல்லை வைத்தும் செய்யலாம், கல் கனமாக இருப்பதால் சூடு சீராக இருக்கும், மெதுவாகவும் ஏறும், ஆனால் இறங்கவும் அடம்பிடிக்கும், உருகியதும் போர்டை இடுக்கியால் நகர்த்தி எடுத்தாக வேண்டும், அந்த அசைவில் பாகங்கள் நழுவும். ஒரு பக்கம் மட்டும் பாகம் உள்ள சின்ன போர்டு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பின்பக்கமும் பாகம் இருந்தால் தட்டையான சூடு ஒத்துவராது, ஓவன்தான்.

ஈரப்பதம் பற்றிச் சொல்லாமல் விட்டால் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் அவஸ்தைப்படுவார்கள். ஐசியின் கறுப்புப் பிளாஸ்டிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓவனில் அந்த ஈரம் திடீரென்று ஆவியாகி உள்ளே அடுக்கைப் பிளக்கும், சில சமயம் சோளப்பொரி வெடிக்கிற மாதிரி சத்தமே கேட்கும். அதனால்தான் ஐசிகளை ஈர உணர்வுநிலை எண் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் தருகிறார்கள். பிரித்துப் பல மாதமான ஐசியாக இருந்தால் 125 டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும், ஐசி கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் டேப்பிலேயே இருந்தால் டேப் அந்தச் சூட்டைத் தாங்காது, வெளியே எடுத்துவிட வேண்டும். பேஸ்ட்டும் அப்படித்தான். குளிர்பெட்டியில் வைத்திருப்பதை எடுத்ததும் மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் அதன் மேல் வியர்த்துவிடும், உருகும்போது தெறிக்கும். மூடியபடியே நாலு மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறங்கள். உணவு வைக்கும் குளிர்பெட்டியாக இருந்தால் பேஸ்ட்டைத் தனி டப்பாவில் போட்டு, பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ரீஃப்ளோ செய்த ஓடிஜியில் இனி ஒரு பிஸ்கெட் கூடச் சுடக் கூடாது, காரீயமும் ஃப்ளக்ஸ் படிவும் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும். புகையை ஜன்னலுக்கு வெளியே தள்ள ஒரு விசிறி வையுங்கள், பைன் மரப் பிசின் ஃப்ளக்ஸின் புகை ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது நன்கு தெரிந்த விஷயம்.

கடைசிக் கட்டம் இறக்கம். உச்சம் தொட்டு இருபது விநாடி கழித்துக் கதவை இரண்டு விரல் அகலம் திறப்பேன், துணைப் போர்டு விநாடிக்கு இரண்டு டிகிரி வேகத்தில் இறங்கும். 183க்குக் கீழே போகும்வரை ஓவனைத் தொடவோ மேசையை அசைக்கவோ மாட்டேன், அந்த நேரத்தில் ஆட்டினால் இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாக உறைந்துவிடும். 150க்கு வந்ததும் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, கையால் தொடும் சூடு வரும்வரை அப்படியே விடுவேன். பிறகு பத்து மடங்கு லென்ஸ். கியூஎஃப்என் ஓரத்தில் ஒவ்வொரு கோட்டின் அடியிலும் சால்டர் உள்ளே வளைந்து ஏறி மின்ன வேண்டும், இரண்டு கோட்டுக்கு நடுவில் பாலம் போட்டிருந்தால் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தொட்டு அயர்ன் முனையால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். போன வாரம் செய்த ஐந்து போர்டில் அப்படி இழுக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு இடம்.